ரேகை படியாத உருண்டைகள்

மாரீஸ்வரி ஜெயித்தவை எவையெவை என்று கேட்டால், அவள் அண்ணன் கருத்தக்கண்ணனிடம் வரிசை தயாராக இருக்கும்.

ஒன்பது வயதில் ஏலத்தோட்டத்து அட்டைகளை ஜெயித்தாள். கணுக்காலில் ஏழு அட்டை ஏறியும் அழாமல், சுண்ணாம்பு தடவி உதிர்த்துவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்தாள். பத்தொன்பதில், கேரளத்துக்கு ஏறுகிற கம்பமெட்டு மலைரோட்டு வளைவில் கவிழ்ந்த ஜீப்பை ஜெயித்தாள். காறையெலும்பு முறிந்து கட்டுப் போட்டவள், மூன்றாம் மாதம் அதே பாதையில், அதே ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து மலையேறினாள். இருபத்தாறில், திருப்பூருக்கு வேலைக்குப் போன புருஷன் அங்கேயே வேறு குடும்பம் கட்டிக்கொண்ட சேதியை ஜெயித்தாள். அன்று சாயங்காலம் அவள் செய்த ஒரே காரியம், அவன் விட்டுப்போன சட்டையைக் கிழித்து அடுப்படிக்குப் பிடிதுணி ஆக்கியதுதான். படுக்கையில் விழுந்த தாயாரை ஐந்து வருஷம், முதுகில் ஒரு புண் வராமல் பார்த்து ஜெயித்தாள். ஏலக்காய் ஸ்டோரில் சல்லடையை ஜெயித்தாள். நான்கு தடவை மணலாய்த் திரிந்துபோன சாக்லேட்டை ஜெயித்தாள்.

கடைசியாக ஜெயித்தது, ஒரு காகிதத்தின் அடியில் அச்சடித்திருந்த சின்னக் கட்டத்தை. நீளம் ஆறு சென்டிமீட்டர், உயரம் இரண்டு. கருத்தக்கண்ணன் ஸ்கேல் வைத்து அளந்திருக்கிறான். மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் அவளுக்கு அதிக காலம் பிடித்தது.

சுருளிப்பட்டியில் அவர்கள் வீடு ஒரே சுவரின் இரண்டு பக்கம். இந்தப் பக்கம் கருத்தக்கண்ணனும் அவன் மனைவி தேவயானியும். அந்தப் பக்கம் மாரீஸ்வரி. கருத்தக்கண்ணன் எட்டாம் வகுப்பு படித்தவன். ஊர்க் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிற வேலை. காலை ஐந்து மணிக்கு மோட்டார் ரூமைத் திறப்பதும், தண்ணீர் எத்தனை அடி ஏறியிருக்கிறது என்று நோட்டில் குறிப்பதும் இருபது வருஷப் பழக்கம். அளவு தெரியாத எதையும் அவனால் நம்ப முடியாது.

மாரீஸ்வரியும் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவள்தான். ஒன்றாம் வகுப்பில் நாற்பது நாள் போனாள். அதற்குள் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா மலையம்மாள் விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளத்துத் தோட்டத்துக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். பொட்டைப்பிள்ளையைத் தனியே விட்டுப்போக மனமில்லாமல் கூடவே கூட்டிக்கொண்டு போனாள். பையன் படிக்கட்டும் என்று முடிவானது. அப்படி முடிவு செய்தது யார் என்று வீட்டில் ஒருவரும் பேசியதில்லை. பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டில் மட்டும் அந்த வருஷம் முழுக்க மாரீஸ்வரியின் பெயர் இருந்தது. தினமும் வாத்தியார் கூப்பிட, பக்கத்து வகுப்பில் உட்கார்ந்திருந்த கருத்தக்கண்ணனுக்கு அது கேட்கும்.

அந்தக் கணக்கைத் தீர்க்க நினைத்துத்தான் அவன் 2003-ஆம் வருஷம் வீரபாண்டித் திருவிழாவில் அவளுக்கு ஒரு சிலேட்டு வாங்கினான். தகரமில்லை, மரச்சட்டம் போட்ட அசல் கல் சிலேட்டு. இருபத்திரண்டு வயதுப் பெண்ணிடம் கொண்டுபோய் நீட்டினான். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எனக்கும் சேத்து நீ படிச்சுட்டேல்ல. வீட்டுக்கு ஒரு படிப்பு பத்தாதாக்கும்?” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அவனுக்கு ஆறவில்லை. சிலேட்டு உப்பு ஜாடிக்கு மூடியாயிற்று.

முப்பது வருஷம் ஏலக்காயோடு இருந்த கை அவளுடையது. முழங்கால் மலையேற மறுத்த பிறகு, கம்பத்தில் ஒரு ஸ்டோரில் காய் தரம் பிரிக்கப் போனாள். சல்லடையில் சலித்துத்தான் ஆறு, ஏழு, எட்டு மில்லிமீட்டர் என்று காயைப் பிரிப்பார்கள். மாரீஸ்வரி சலிப்பதில்லை. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் காயை ஒரு உருட்டு உருட்டி, எறிவாள். ஒரு நாள் மேஸ்திரி சந்தேகப்பட்டு, அவள் பிரித்த எட்டு மில்லிமீட்டர்க் குவியலைச் சல்லடையில் கொட்டிப் பார்த்தார். ஒரு காய்கூடக் கீழே விழவில்லை. அன்றிலிருந்து சல்லடையில் சந்தேகம் வந்தால் அவளைக் கூப்பிட்டார்கள்.

காய் அவளுக்கு அந்த வித்தையைக் கொடுத்து, வேறொன்றை எடுத்துக்கொண்டது. விரல் நுனியில் இருந்த ரேகை முழுக்கத் தேய்ந்து, ஆற்றுக் கூழாங்கல் மாதிரி வழுவழுத்துப் போனது. ரேஷன் கடைக் கருவியில் வைத்தால் சிவப்பு விளக்குத்தான் எரியும். துடைத்து வைத்தாலும் சிவப்பு, எண்ணெய் தடவி வைத்தாலும் சிவப்பு. கடைசியில் அண்ணன் போனுக்கு வருகிற எண்ணைச் சொல்லித்தான் அரிசி வாங்குவாள். “நா இருக்கேன்னு இந்தப் பொட்டிக்கே தெரியல” என்று சிரித்துக்கொண்டே பையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வருவாள்.

சாக்லேட் கதை 2022 டிசம்பரில் தொடங்கியது. தேவயானியின் தம்பி குமுளியிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தான். உள்ளே நெல்லிக்காய் அளவில், மேலே கோகோப் பொடி பூசின உருண்டைகள். ட்ரஃபிள் என்று பெயர் சொன்னான். அடுப்பில் வேக வைக்காத சாக்லேட்டாம், வாயில் போட்டால் தானே கரையுமாம். எல்லோரும் தின்றார்கள். மாரீஸ்வரி மட்டும் தின்னுமுன் முகர்ந்து பார்த்தாள்.

“பழ வாசம் இல்ல மதினி இது. தோலு வாசம்” என்றாள் தேவயானியிடம்.

அவளுக்குத் தெரியும். ஏலத்தோட்டத்தில் நிழலுக்கு நிற்கிற மரங்களுக்கு நடுவே ஆரஞ்சு மரமும் இருக்கும். பச்சை ஏலக்காய் பறித்த கையில் பிசின் ஏறிக் கறுத்துவிடும். சாயங்காலம் ஜீப் ஏறுமுன் ஆரஞ்சுத் தோலைக் கசக்கித் தேய்த்தால்தான் போகும். மலையிலிருந்து இறங்குகிற ஜீப் முழுக்க அந்த வாசம்தான் வரும். அவள் சின்ன வயசு முழுக்க அந்த வாசம்தான்.

அண்ணன் போனில் தேடிப் பிடித்தது ஒரு மலையாளத்து அம்மாள் செய்து காட்டிய வீடியோ. எழுத்து எதுவும் இல்லாமல் பேசிக்கொண்டே செய்தார். தோட்டத்து மலையாளம் மாரீஸ்வரிக்குத் தண்ணீர் பட்டபாடு. “தொலி மாத்ரம் மதி” என்று அந்த அம்மாள் இரண்டு தடவை சொன்னார். தோல் மட்டும் போதும் என்று. கருத்தக்கண்ணன் தேனியில் பேக்கரிச் சாமான் கடைக்குப் போய்ச் சாக்லேட் கட்டியும், கிரீமும், கோகோப் பொடியும் வாங்கி வந்தான்.

அப்படியிருந்தும் முதல் தடவை கெட்டது. காரணம் வேறொன்றுமில்லை. தோலைத் துருவினாள். பிறகு உரித்து வைத்த பழத்தைப் பார்த்தாள். இந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த யாருக்கும் பழத்தைத் தள்ளிவிட்டுத் தோலை எடுக்க மனம் வராது. தோல்தான் இவ்வளவு மணக்கிறதே, சாறும் சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று பிழிந்து ஊற்றிவிட்டாள். பளபளவென்று உருகியிருந்த சாக்லேட், கண்ணெதிரே திரிந்து, வறுத்த ரவை மாதிரி ஆகிவிட்டது. இரண்டாம் தடவை, எலுமிச்சை; பாதிச் சாறு. அதுவும் திரிந்தது. மூன்றாம் தடவை சாறே இல்லை, ஆனால் கழுவின கரண்டியைத் துடைக்காமல் விட்டாள். நான்காம் தடவை எல்லாம் சரியாக வந்து, உருட்டும்போது கொழுக்கட்டை பிடிக்கிற பழக்கத்தில் உள்ளங்கையில் தண்ணீர் தொட்டுக்கொண்டாள்.

“தண்ணியக் கண்டா இதுக்கு ஆகாது போல. எங்க மாமியா மாதிரி” என்றாள் தேவயானி.

கெட்டது ஒன்றையும் மாரீஸ்வரி கொட்டவில்லை. பாலை ஊற்றிக் காய்ச்சி இரண்டு வீட்டுக்கும் குடிக்கக் கொடுத்தாள். கருத்தக்கண்ணன் அதைக் குடித்துக்கொண்டே ஒரு புது நோட்டு எடுத்தான். அட்டையில் ‘மாரீஸ்வரி, சாக்லேட் உருண்டை’ என்று எழுதி, முதல் பக்கத்தில் நான்கு தவறையும் தேதி போட்டுக் குறித்தான்.

ஐந்தாம் தடவை அவள் வீடியோவை விட்டுத் தன் வழிக்கு வந்தாள். துருவிய தோலை அப்படியே போட்டால் வாசம் நூலாக நிற்கிறதே தவிரக் கலக்கவில்லை. பாயாசத்துக்கு ஏலக்காய் போடும்போது என்ன செய்கிறோம்? சீனியோடு சேர்த்து இடிக்கிறோம். தோலையும் இரண்டு கரண்டிச் சீனியோடு கல்லுரலில் இட்டு இடித்தாள். சீனி மஞ்சளாகி, எண்ணெய் விட்டு, தெருமுனை வரை மணத்தது. கிரீமை ஓரம் கொதி கட்டுகிறவரை சூடாக்கி, அந்தச் சீனியைக் கரைத்து, பொடியாக நறுக்கிய சாக்லேட்டின் மேல் ஊற்றினாள். இரண்டு நிமிஷம் தொடவே இல்லை. பிறகு நடுவிலிருந்து சின்ன வட்டமாகத் தொடங்கி, வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே கிண்டினாள். கண்ணாடி மாதிரி வந்தது. ஒரு துண்டு வெண்ணெயைப் போட்டு இறக்கினாள்.

ஆற வைப்பதற்குக் குளிர்ந்த பரப்பு வேண்டும். எவர்சில்வர்த் தட்டில் ஒட்டியது. உப்பு ஜாடி மேலிருந்த கல் சிலேட்டைக் கழுவி, வெயிலில் காயவைத்து, துடைத்து, அதன் மேல் வழித்தாள். சட்டம் அணைக்கட்டு மாதிரி நான்கு பக்கமும் பிடித்துக்கொண்டது. கருத்தக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு மோட்டார் ரூமுக்குப் போனான்.

நோட்டில் அவன் எழுதிய கணக்கு இது. சாக்லேட் 200 கிராம், கிரீம் 80, வெண்ணெய் 20, இரண்டு ஆரஞ்சின் தோல். வெள்ளைச் சதை ஒரு பொட்டுக்கூட வரக்கூடாது. விடியற்காலை ஐந்து மணிக்கு மேல், வெயில் ஏறுமுன், வெறும் கையால் உருட்ட வேண்டும். உருண்டை இருபத்தைந்து.

அந்த இருபத்தைந்தையும் அவன் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தான். பன்னிரண்டு கிராம். அடுத்ததும் பன்னிரண்டு. பதினெட்டாவது மட்டும் பதின்மூன்று. அதைச் சொன்னதும் மாரீஸ்வரி வாங்கி விரல் நடுவில் ஒரு உருட்டு உருட்டிவிட்டு, “ஆமா, தெரியுது” என்றாள்.

தேவயானியும் உருட்டிப் பார்த்தாள். அவள் உருட்டியதில் உள்ளங்கை ரேகை அத்தனையும் படிந்து, மேலே ஆறும் வாய்க்காலுமாக ஓடியது. மாரீஸ்வரி உருட்டியது கோலிக்குண்டு. ஒரு கோடு இல்லை. ரேஷன் கடைக் கருவிக்குப் பிடிக்காத அதே விரல்கள் சாக்லேட்டில் தடம் விடாமல் வந்தன. அதனாலேயே அவள் கோகோப் பொடியில் புரட்டுவதை நிறுத்திவிட்டாள். மூடி மறைக்க அங்கே ஒன்றும் இல்லை.

ஆரஞ்சோடு எலுமிச்சையும் வந்தது, பிறகு கிடாரங்காய் வந்தது. ஊறுகாய்க்கு மட்டும் என்று நினைத்திருந்த அந்தக் கசப்புத் தோல்தான் மூன்றிலும் உயர்ந்தது. மூன்றையும் எப்படி அடையாளம் பிரிப்பது? பால் பாக்கெட்டைக் கழுவிக் காயவைத்து, மருதாணிக் கூம்பு மாதிரி சுருட்டி, உருகிய சாக்லேட்டை நிரப்பிக்கொண்டாள். ஆரஞ்சு உருண்டை மேல் ஒரு கோடு. எலுமிச்சை மேல் இரண்டு புள்ளி. கிடாரங்காய் மேல் ஒரு சுழி. இருநூறு உருண்டைக்கும் சுழி ஒரே சுழிதான்.

2024 ஜனவரியில் இம்மானுவேல் வந்தார். குமுளியில் சுற்றுலாக்காரர்கள் வருகிற இடத்தில் ஏலக்காய், மிளகு, சாக்லேட் விற்கிற கடைக்காரர். பொங்கலுக்கு யாரோ கொடுத்த டப்பாவைத் தின்றுவிட்டு விலாசம் கேட்டு வந்திருந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு உருண்டையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, எந்த மெஷினில் உருட்டுகிறீர்கள் என்று கேட்டார். மாரீஸ்வரி இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள்.

அவருக்குப் பிடித்திருந்தது. கோடை சீசன் முழுக்க எடுத்துக்கொள்கிறேன் என்றார். காலையில் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பிலேயே ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பினால் போதும். ஆனால் வீட்டுப் பண்டத்தைக் கடையில் வைக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு வேண்டும். பிப்ரவரி பதினைந்துக்குள் விண்ணப்பம் போட்டுவிட்டால் டப்பா அச்சடிக்கச் சொல்லிவிடுவார். இல்லையென்றால் கொச்சிக் கம்பெனிக்காரனுக்கே சொல்லியாக வேண்டும். சீசனுக்குத் தட்டு காலியாக இருக்க முடியாது.

“டப்பா மேல, செய்றவுங்க பேரு போடணும் சேச்சி. பதிவு யாரு பேருல இருக்கோ, அந்தப் பேரு” என்றார்.

மாரீஸ்வரி அதுவரை கேட்டுக்கொண்டே உருட்டிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தையில் கை நின்றது. கருத்தக்கண்ணன் கவனித்தான். ஆனால் அதன் பொருள் அப்போது அவனுக்குப் பிடிபடவில்லை.

கம்பத்தில் சுந்தர்ராஜின் கணினி மையத்துக்கு இருவரும் போனார்கள். இந்த மாதிரி விண்ணப்பங்களை எழுதி ஏற்றிக் கொடுக்கிற ஆள் அவர், பொறுமைசாலி. விண்ணப்பத்தை அச்செடுத்து, கீழே கட்டத்தைக் காட்டினார். மாரீஸ்வரி கையெழுத்து வராது என்றாள். சரியென்று மைப்பெட்டியைத் திறந்தார். கட்டைவிரலை அழுத்தினாள். காகிதத்தில் ஒரு கறுப்பு வட்டம் விழுந்தது, உள்ளே ஒரு கோடு இல்லாமல். இன்னொரு தாளில் மெதுவாக அழுத்தினார்கள். இன்னொரு கறுப்பு வட்டம். இடது கை, அதுவும் அப்படியே.

இப்படி அனுப்பினால் தெளிவில்லை என்று திரும்பி வரலாம், வராமலும் இருக்கலாம், திரும்பி வந்தால் பதினைந்தாம் தேதி தாண்டிவிடும் என்றார் சுந்தர்ராஜ்.

“அண்ணன் பேருலயே போட்ருவமாக்கா? அவுக கையெழுத்து முத்து முத்தா இருக்கு” என்றார்.

மாரீஸ்வரி மை விரலைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், பஸ் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டாள். சரி என்று சொல்லாமல் சொல்கிறாள் என்று கருத்தக்கண்ணன் எடுத்துக்கொண்டான்.

அதுதான் அவன் செய்த தப்பு. அந்தத் தப்பை அவன் சுத்தமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்தான். ஜனவரி இருபத்தொன்பதாம் தேதி, புதுத் தாளில், தன் பெயரை எழுதி, தன் படத்தை ஒட்டி, கட்டத்துக்குள் நேர்த்தியாகக் கையெழுத்துப் போட்டு, வீட்டு வரி ரசீதோடு இணைக்க எடுத்து வந்தான். தங்கச்சிக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவில் அன்று இரண்டு தோசை அதிகமாகக்கூடச் சாப்பிட்டான்.

மாரீஸ்வரி கிரீம் எடுக்க இந்தப் பக்கம் வந்தவள், ஃபிரிட்ஜ் மேல் இருந்த தாளைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதுதான். ஆனால் மோட்டார் ரூம் கதவில் இருபது வருஷமாகப் பெயிண்டில் எழுதியிருக்கிற அண்ணன் பெயரின் உருவம் அவளுக்குத் தெரியும். நீளமான பெயர், நடுவில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் புள்ளி வைத்தது.

“இது உம்பேரு” என்றாள்.

“ஆமா ஆத்தா. எம்பேருல இருந்தா என்ன, வேல உன்னோடதுதான.”

மாரீஸ்வரி தாளை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தாள்.

“பள்ளிக்கொடத்துல எம்பேரு இருந்துச்சு, நா இல்ல. இப்ப நா இருக்கேன். எம்பேரு இல்லையாண்ணே?”

சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். கிரீமை எடுக்கவில்லை.

தேவயானி தோசைச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அவள் எதுவும் சொல்லாதிருந்தது அந்த வீட்டில் வருஷத்துக்கு ஒரு தடவை நடப்பது. கருத்தக்கண்ணன் தாளை எடுத்து நாலாக மடித்துக் கிழித்தான். அவன் கிழித்த முதல் எழுதின தாள் அதுதான்.

மூன்று நாள் அவள் பேசவில்லை. உருண்டை மட்டும் விடியற்காலையில் உருண்டது. நாலாம் நாள், அவன் மோட்டார் போட்டுவிட்டு வரும்போது, அளவு நோட்டோடு வாசலில் நின்றாள். அட்டையைக் காட்டினாள்.

“இதுல எது எம்பேரு?”

அவன் விரல் வைத்துக் காட்டினான். முதல் எழுத்து இது, மா, என்று தொடங்கினான். இருபது வருஷமாகக் காத்திருந்த பாடம் அவனுக்கு.

“படிச்சுக் காட்ட வேணாம். எங்கன ஆரம்பிக்கி, எங்கன முடியிதுன்னு மட்டும் காட்டு, போதும்.”

நோட்டோடு உள்ளே போய்விட்டாள்.

அவளுக்குத் தேவைப்பட்டது எழுத்தல்ல, உருவம். இருநூறு உருண்டையில் ஒரே சுழியை வைக்கிற கை, ஐந்து உருவத்தை ஏன் வைக்காது? பால் பாக்கெட் கூம்பை நிரப்பி, சிலேட்டைத் துடைத்து, சாக்லேட்டால் எழுதிப் பார்த்தாள். தப்பினால் கத்தியால் வழித்துக் கிண்ணத்தில் போட்டு உருக்கி, மறுபடி. ஒன்றும் வீணாகவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கருத்தக்கண்ணனுக்குக் கத்தி சிலேட்டில் வழிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. எட்டிப் பார்க்கக் கூடாது என்று தேவயானி உத்தரவு. அவள் மட்டும் போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்து நிலவரம் சொல்லுவாள்.

மாரீஸ்வரி ஒவ்வொரு எழுத்துக்கும் தானே ஒரு பெயர் வைத்திருந்தாளாம். முதலாவது, தாழ்வாரம் இறக்கின வீடு. இரண்டாவது எழுத்தும் ஐந்தாவது எழுத்தும் அக்காள் தங்கச்சி. மூத்தவள் முக்காட்டைச் சுருட்டிச் சொருகியிருக்கிறாள், இளையவள் சும்மா போட்டிருக்கிறாள். நாலாவது எளிசு. மூன்றாவதுதான் மனுஷியைக் கொல்லுகிறது. வளைந்து, திரும்பி, மறுபடி வளைந்து, மேலே ஒரு புள்ளி.

“கம்பமெட்டு ரோடுங்கிறா. மேல இருக்க புள்ளிதான் செக்போஸ்ட்டாம்” என்றாள் தேவயானி. “முப்பது வருசம் போய் வந்த ரோடுதான, இதுல எப்படிக் கவுறுவேன், பாத்துரலாம்ங்கிறா.”

ஒரு நாள் காலை, ஐந்து ஐந்தரைக்கு, மாரீஸ்வரி சிலேட்டோடு இந்தப் பக்கம் வந்தாள். கரும்பலகையில் கரும்பழுப்பாய் ஐந்து உருவமும் நின்றது. ஒவ்வொன்றின் முடிவிலும் கூம்பைத் தூக்கும்போது விழுகிற ஒரு சின்ன வால். கருத்தக்கண்ணன் அதை ஒரு தடவை படித்தான். வருகைப் பதிவேட்டிலிருந்து வாத்தியார் கூப்பிடும் குரல் எப்படி இருக்கும் என்று அவனுக்கு நினைவு வந்தது. அன்று பதில் சொல்ல ஆள் இல்லை.

“சரியா இருக்காண்ணே?”

“இருக்கு ஆத்தா” என்றான்.

மாரீஸ்வரி சிலேட்டை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். “தன் பேரத் தானே திங்கிறவள இப்பத்தான் பாக்கேன்” என்று தேவயானி கத்தி முனையில் ஒட்டியிருந்ததை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள்.

பேனாதான் அடுத்த சோதனை. கூம்பு அழுத்தினால் வருகிறது. பேனா இழுத்தால்தான் வருகிறது. இரண்டு நாள் காகிதம் கிழிந்தது, எழுத்து நடுங்கியது. கருத்தக்கண்ணன் பேனா பிடிக்கும் முறையைச் சொல்ல வாயெடுத்தான். தேவயானி பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். மூன்றாம் நாள் மாரீஸ்வரி பேனாவைப் பேனாவாகப் பிடிப்பதை விட்டுவிட்டாள். அதன் பின்பக்கத்தை உள்ளங்கையில் வைத்து, நேர்குத்தாக நிறுத்தி, கூம்பைப் பிடிப்பது போலவே பிடித்தாள். வந்துவிட்டது.

மறு திங்கட்கிழமை மூவரும் கம்பத்துக்குப் போனார்கள். தேவயானி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, விசேஷத்துக்கு வேறு எப்படி வருவார்கள் என்றாள். சுந்தர்ராஜ் புதிதாக அச்செடுத்தார், இந்தத் தடவை மாரீஸ்வரியின் பெயருக்கு. தப்பினால் பரவாயில்லை, இன்னும் இரண்டு தாள் எடுத்து வைக்கிறேன் என்றார்.

“ஒண்ணு போதும் தம்பி” என்றாள்.

முதலில் கைகளை ஒரு காய்ந்த துணியால் துடைத்தாள், விரல் விரலாக, உருட்டுமுன் துடைக்கிற மாதிரி. பேனாவை நேராக நிறுத்தினாள். சுந்தர்ராஜ் பிடிக்கிற விதத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனவர், பிறகு சிரிக்கவில்லை. தாழ்வாரம் இறக்கின வீடு வந்தது. மூத்தவள் முக்காட்டைச் சொருகிக்கொண்டு வந்தாள். மூன்றாவதில் ஏறுமுன் பேனாவைத் தூக்கி ஒரு மூச்சு விட்டாள். வளைவுகளில் மெதுவாகத் திரும்பி, மேலே போய், செக்போஸ்ட்டை வைத்தாள். நாலாவது எளிசு. இளையவள் வரும்போது கட்டத்தில் இடம் பற்றவில்லை. முக்காட்டின் நுனி கோட்டைத் தாண்டி வெளியே விழுந்தது. பேனாவை எடுக்கும்போது ஒரு சின்ன வால்.

சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிஷம் நாற்பது விநாடி ஆகியிருந்தது. கருத்தக்கண்ணன் பார்த்தான்.

வெளியே போன முக்காடு செல்லுமா என்று அவள் கேட்டாள். செல்லும் என்றார் சுந்தர்ராஜ். தாளைக் கருவியில் வைத்து ஏற்றினார். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது, விண்ணப்பம் சேர்ந்தது என்று. பொருள் தயாரிப்பவர் என்ற இடத்தில் மாரீஸ்வரி என்று இருந்தது. கருத்தக்கண்ணனின் பெயர் அந்தத் தாளில் எங்கேயும் இல்லை.

சுந்தர்ராஜின் பதிவு நோட்டில் தேதி போட வேண்டிய இடம் மட்டும் காலியாக இருந்தது. எண் எனக்குத் தெரியும் என்று அவளே பேனாவை மறுபடி வாங்கினாள். ஏலக்காய் மூட்டையில் போட்டுப் போட்டுப் பழகினது. விண்ணப்ப ரசீதை மடித்து ரவிக்கைக்குள் வைக்குமுன், அண்ணனிடம் நோட்டை நீட்டி, அளவு எழுதுகிற பக்கத்தில் இதையும் எழுது என்றாள். அவன் எழுதினான்: 12-02-2024, திங்கட்கிழமை, தை இருபத்தொன்பது.